ஒரே சிவிக், ஒரு சுற்றில் திரும்பாது, மறு சுற்றில் சுழலும்: ஏன்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். வீடியோ கேமில் கார் ஓட்டுவதற்கான லாஜிடெக் ஜி29 ஸ்டீரிங், பெடல் செட் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய கேமில் 1998 மாடல் ஹோண்டா சிவிக் டைப் ஆர், அதாவது நாமெல்லாம் இகே9 என்று சொல்கிற கார், அதைத்தான் தினமும் ஓட்டுகிறார். வளைவில் ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் மூக்கை நேராக வைத்துக்கொண்டு புல்லுக்குப் போகிறது. சரி, வேகம் அதிகம்போல என்று வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் விசுக்கென்று சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி நிற்கிறது. நண்பர் ஒருவர், "முன்சக்கர கார் எல்லாம் மார்க்கெட்டுக்குப் போய்வரத்தான், பின்சக்கர கார் எடு" என்று சொல்லிவிட்டாராம். (இன்ஜின் முன் சக்கரங்களைச் சுழற்றினால் முன்சக்கர கார், பின் சக்கரங்களைச் சுழற்றினால் பின்சக்கர கார்.) எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும், நிஜ இகே9-உம் இப்படித்தானா என்பது கேள்வி.

கேட்டது செட்டிங் பற்றி. ஆனால் அவரை உண்மையில் குழப்புவது வேறு என்று நினைக்கிறேன். ஒரே கார், ஒரே வளைவு. ஒரு சுற்றில் திரும்பவே மாட்டேன் என்கிறது, அடுத்த சுற்றில் போதும் போதும் என்கிற அளவுக்குத் திரும்புகிறது. அப்படியானால் எதை நம்பி ஓட்டுவது? அதற்குப் பதில் சொன்னால் செட்டிங் கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும். இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்: காரின் எடை அந்த நொடியில் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்க்காமல் கையால் மட்டும் ஓட்டுவது. இந்தக் காரைத் திருப்புவது கையைவிடக் கால்தான்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ வந்து பாடம் நடத்துகிறார் என்று தோன்றும். செந்தூல் பக்கம் பட்டறை. பதினெட்டு வருடமாக ஹோண்டாதான் பெரும்பாலும். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப் கட் வண்டிகளிலிருந்து பி சீரிஸ் இன்ஜினைக் கழற்றி இங்குள்ள இகே உடம்பில் மாட்டுகிற வேலை ஒரு காலத்தில் வாரத்துக்கு ஒன்று வரும், இப்போது குறைவு. அப்படி மாட்டிய ஒரு வண்டியைச் செபாங்கில் ட்ராக் டேக்களில் சில வருடம் ஓட்டினேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் அசல் டைப் ஆரை நான் வைத்திருந்ததில்லை, வாடிக்கையாளர்களுடையதை டெஸ்ட் ஓட்டம் ஓட்டியதோடு சரி. சிம் ரேசிங், அதாவது நிஜம்போல் கார் ஓட்டுகிற கேம்கள், ஏழு வருடம், இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு. அதனால் சிம்மில் ஓட்டுவது பற்றிச் சொல்வதில் தயக்கமில்லை. நிஜக் கார் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் என் மாற்று வண்டியின் வாசனை இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரைப் பற்றி. இகே9 1997-இல் வந்தது, 2000 வரை. உள்ளே இருப்பது பி16பி இன்ஜின், 1,595 சிசி, டர்போ கிடையாது, ஆனாலும் 185 குதிரைத்திறன், அதுவும் 8,200 ஆர்பிஎம்மில். எடை 1,050 கிலோவை ஒட்டி. நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன், முன்னால் ஹெலிக்கல் வகை எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப்), ஐந்து கியர். அதற்கு அண்ணன் 1995-இல் வந்த இன்டெக்ரா டைப் ஆர், டிசி2, 1,797 சிசி, ஜப்பான் கணக்கில் 200 குதிரைத்திறன். ஓட்டுகிற விதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஒன்றுக்குச் சொல்வது மற்றதற்கும் பொருந்தும். இந்த எண்களையெல்லாம் விட முக்கியமானது ஒன்று: இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃப் எல்லாம் முன் அச்சின் மேல் உட்கார்ந்திருப்பதால் மொத்த எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் முன் டயர்களில். பின்பக்கம் வெறும் கூடு. நின்றுகொண்டிருக்கும்போதே இப்படி. பிரேக் அடித்தால் பின்னால் இருக்கும் கொஞ்சநஞ்சமும் முன்னால் ஓடிவிடும்.

இனி முதல் புகார், மூக்கு வெளியே தள்ளுவது. பிரிக்ஃபீல்ட்ஸில் மதியம் ஒரு மணிக்கு வாழை இலைக் கடையில் ஒரே ஆள் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, கல்லாவிலும் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இகே9-இன் முன் டயர்கள் அந்த ஆள். வண்டியை இழுப்பது அவை, திருப்புவது அவை, நிறுத்துவதிலும் பெரும்பங்கு அவைதான். ஒரு டயரிடம் இருப்பது ஒரே ஒரு பிடிமானம். அதை பிரேக்குக்கு முழுசாகக் கொடுத்துவிட்டால் திருப்ப மிச்சமில்லை, திருப்ப முழுசாகக் கொடுத்துவிட்டால் ஆக்சிலரேட்டருக்கு மிச்சமில்லை. பின்சக்கர காரில் திருப்புகிற வேலையும் இழுக்கிற வேலையும் பிரிந்திருப்பதால் இந்தக் கணக்கில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். இங்கே முடியாது.

புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வது, நானும் செய்தது: கார் திரும்பவில்லை என்றதும் ஸ்டீரிங்கை இன்னும் திருப்புவது. டயருக்கு ஒரு குறிப்பிட்ட சறுக்கு கோணம் வரைதான் பிடிப்பு கூடும், அதற்கு மேல் திருப்பினால் கூடாது, குறையும், கூடவே டயர் சூடாகி அடுத்த வளைவையும் கெடுக்கும். நல்ல செய்தி என்னவென்றால் டயர் இதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஸ்டீரிங் தானாக நேராக வரப் பார்க்கிற அந்த இழுப்பு இருக்கிறதே, அது பிடிப்பு உச்சத்துக்குப் போவதற்குச் சற்று முன்பே குறையத் தொடங்கும். நல்ல சிம்கள் இதை ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில், அதாவது ஸ்டீரிங்கில் உள்ள மோட்டார் கைக்குத் தரும் எதிர்விசையில், கொடுக்கின்றன. கை கனமாக இருந்து திடீரென்று லேசாவதுபோல் தெரிந்தால், அந்த இடத்தில் சுண்டுவிரல் அகலம் திருப்பித் தளர்த்துங்கள். வண்டி உள்ளே வரும். மனசு கேட்காது, புல்லைப் பார்த்துக்கொண்டே ஸ்டீரிங்கை நேராக்குவதா என்று, ஆனால் வரும். ஜி29 போன்ற பல்சக்கர ஸ்டீரிங்கில் ஃபோர்ஸை மிக அதிகமாக வைத்திருந்தால் இந்த லேசாவது கேட்கவே கேட்காது. மோட்டார் ஏற்கெனவே முட்டி நிற்கும், கனம் எப்போதும் ஒரே கனமாக இருக்கும். இரண்டு மூன்று புள்ளி குறைத்துப் பாருங்கள். எவ்வளவு கனமோ அவ்வளவு நிஜம் என்று பலர் நினைப்பது தவறு. பட்டறையில் பவர் ஸ்டீரிங்கோடு வரும் இகே ஒன்றை ஓட்டினால் கை எவ்வளவு லேசாக இருக்கிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

அப்படியானால் திரும்புவது எப்படி? பிரேக்கால். இதுதான் இந்தப் பதிலில் முக்கியமான இடம், அவசரமாகத் தாண்டாதீர்கள். பெரும்பாலானவர்கள் நேர்கோட்டில் பிரேக் அடித்து, வளைவு வந்ததும் பிரேக்கைச் சட்டென்று விட்டுவிட்டு, பிறகு ஸ்டீரிங்கைத் திருப்புகிறார்கள். பிரேக்கை விட்ட அந்த நொடியில் முன்னால் குனிந்திருந்த மூக்கு நிமிர்கிறது, முன் டயரை அழுத்திக்கொண்டிருந்த எடை பின்னால் போகிறது, சரியாக அப்போதுதான் நீங்கள் "திரும்பு" என்கிறீர்கள். திரும்பாது. செய்ய வேண்டியது, நேர்கோட்டில் முழு பிரேக் அடித்து, ஸ்டீரிங் திருப்பத் தொடங்கும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. ஸ்டீரிங் எவ்வளவு கூடுகிறதோ பிரேக் அவ்வளவு குறைய வேண்டும், வளைவின் உள்முனையைத் தொடும் இடத்துக்கு அருகில் பிரேக் பூஜ்யம். டிரெய்ல் பிரேக்கிங் என்று சொல்வது இதைத்தான். இதில் இரண்டு லாபம். முன் டயரில் எடை இருப்பதால் மூக்கு கடிக்கும், பின்னால் எடை இல்லாததால் பின்பக்கம் லேசாக வெளியே வந்து வண்டியைச் சுற்றிவிடும். பின்சக்கர கார்க்காரர்கள் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரால் பின்பக்கத்தை ஆட்டுகிறார்கள். நமக்கு அந்த வேலை நுழையும்போதே, பிரேக்கில் முடிந்துவிட வேண்டும். நடு வளைவைத் தாண்டிய பிறகு திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதற்கு இந்தக் காரில் வழியே கிடையாது.

பழக நல்ல இடம் ஜப்பானின் ட்சுகுபா பந்தயப்பாதை. 2,045 மீட்டர்தான், ஒரு சுற்று ஒரு நிமிடச் சொச்சம், தப்பு செய்தால் அதே வளைவு உடனே திரும்ப வரும். முதல் ஹேர்பினை (கொண்டை ஊசி வளைவை) மட்டும் எடுத்துக்கொண்டு இருபது சுற்று ஓட்டுங்கள், நேரத்தைப் பார்க்காதீர்கள். பிரேக்கை விடும்போது மனதுக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" எண்ணி மூன்றில் பூஜ்யத்துக்கு வாருங்கள். முதலில் பின்பக்கம் அதிகமாக வரும், அப்படியென்றால் பிரேக் அதிகம் மிச்சம் வைத்திருக்கிறீர்கள். மூக்கு தள்ளினால் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள், அல்லது மிக அதிகமாகப் பிடித்துக்கொண்டு திருப்பப் பார்க்கிறீர்கள். இரண்டுமே மூக்கைத்தான் தள்ளும், குழப்பும். ரீப்ளேயில் பிரேக் கோட்டைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இதைச் செய்வதற்கு முன் உதவி அமைப்புகளை அணைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஏபிஎஸ் இருக்கட்டும், தொல்லையில்லை. கவுன்டர் ஸ்டீரிங் உதவி, சறுக்கலைத் தானாக அடக்கும் ஏஎஸ்எம் இரண்டும் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அவை பின்பக்கம் வெளியே வருவதைத் தடுப்பதற்காக இருப்பவை, நாமோ வேண்டுமென்றே வரவைக்கிறோம். அப்புறம் டயர். ரேசிங் சாஃப்ட் போட்டுக்கொண்டு இகே9 ஓட்டிப் பழகினால் எதுவும் புரியாது, ஒட்டிக்கொண்டே போகும், ஒட்டாமல் போகும்போது எச்சரிக்கையே இருக்காது. ஸ்போர்ட்ஸ் ஹார்ட் அல்லது கம்ஃபர்ட் வகை போடுங்கள். எல்லாம் மெதுவாக நடக்கும், பாடம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது புகார், ஆக்சிலரேட்டரை விட்டதும் சுழல்வது. மேலே சொன்னதைப் படித்திருந்தால் காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வளைவின் நடுவில், டயர்கள் எல்லாம் பிடிப்பின் விளிம்பில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்ஜின் பிரேக்கிங் முன் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது, எடை முன்னால் பாய்கிறது, பின் டயருக்கு அழுத்தமே இல்லை. அதாவது நீங்கள் தெரியாமல் டிரெய்ல் பிரேக்கிங்கை, மிகத் தவறான இடத்தில், மிக வேகமாகச் செய்திருக்கிறீர்கள். கார் நீங்கள் சொன்னதைத்தான் செய்தது. வளைவுக்கு முன்னால் செய்தால் வித்தை, நடுவில் செய்தால் சுழற்சி.

இதில் எனக்கு நிஜ அனுபவம் உண்டு, பெருமைப்பட ஒன்றுமில்லை. செபாங்கில் 12-ஆம் வளைவு, வேகமான இடது. அன்று இரண்டாவது சுற்று, காலை எட்டரை மணி, இரவு மழை பெய்த ஈரம் ஓரங்களில். உள்ளே போனதும் வேகம் அதிகம் என்று தோன்றியது, காலை எடுத்தேன். மிதியிலிருந்து முழுசாக, பயந்துபோய். பின்பக்கம் வந்த வேகத்தில் கையைத் திருப்பக்கூட நேரமில்லை, இரண்டு சுற்று சுற்றி 13-க்குப் போகும் வழியில் குறுக்காக நின்றது வண்டி. அடியில்லை. பின்னால் வந்தவர் தூரத்தில் இருந்தார், தப்பித்தேன். பின் டயர் அப்போது குளிர்ந்து கிடந்தது என்பது பிறகுதான் உறைத்தது. முன் டயர் இழுத்து, திருப்பி, நிறுத்தி ஒரு சுற்றிலேயே சூடாகிவிடும். பின் டயர் தள்ளுவண்டிச் சக்கரம்போல் சும்மா உருண்டு வருகிறது, அதற்குச் சூடேற இன்னும் இரண்டு மூன்று சுற்று வேண்டும். டயர் சூட்டைக் கறாராகக் கணக்கிடும் சிம்களில், முக்கியமாக ஐரேசிங்கில் டிசிஆர் வகை முன்சக்கர ரேஸ் கார் எடுத்தால், முதல் சுற்றில் பாதிப் பேர் சுழல்வது இதனால்தான். கிரான் டூரிஸ்மோவில் இது அவ்வளவு கடுமையாகத் தெரியாது. ஆனால் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு சுற்றில் வேகமான வளைவுக்குள் பிரேக்கை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சரி, பின்பக்கம் வந்துவிட்டது, என்ன செய்வது? ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். எழுதும்போது எளிதாக இருக்கிறது. மனித உடம்பு காலை எடுக்கத்தான் சொல்லும், ஆனால் முன்சக்கர காரில் மிதித்தால் எடை பின்னால் போய்ப் பின் டயர் பிடிக்கும், அதே நேரம் முன் சக்கரங்கள் நீங்கள் காட்டுகிற திசையில் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். ஸ்டீரிங்கை எங்கே போக வேண்டுமோ அங்கே காட்டுங்கள், மிதியுங்கள், அவ்வளவுதான். இதைப் பின்சக்கர காரில் செய்தால் தொலைந்தீர்கள், அதனால்தான் இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி ஓட்டிப் பழகாதீர்கள் என்று சொல்வேன். ஒரு எல்லை உண்டு: பின்பக்கம் வந்த கோணம் சின்னதாக இருக்கும்போதுதான் இது வேலை செய்யும். வண்டி பக்கவாட்டாகிவிட்டது என்றால் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு நிற்பதுதான் மரியாதை. இன்னொன்று, சிம்மில் இடுப்பு பேசாது. நிஜ வண்டியில் பின்பக்கம் நகர்வதை முதலில் சொல்வது இருக்கை, சிம்மில் கண்ணும் கையும்தான், அவை கொஞ்சம் தாமதம். அதனால் வந்த பிறகு பிடிப்பதைவிட, வரப்போகிறது என்று தெரிந்து காலை முன்பே தயாராக வைத்திருப்பதுதான் வழி.

காலை முழுசாக எடுப்பது கெடுதல். கொஞ்சம் எடுப்பது வேறு கதை, அது கருவி. மூன்றாவது கியரில் நீண்ட வளைவில் ஒரே அளவாக மிதித்துக்கொண்டு போங்கள், நூற்றுக்கு இருபது போல மெல்லத் தளர்த்துங்கள், ஸ்டீரிங்கைத் தொடாமலேயே வண்டி உள்ளே வரும். திரும்ப மிதித்தால் வெளியே போகும். சுசுகாவில், 5.807 கிலோமீட்டர் சுற்றுப்பாதை அது, முதல் பகுதியில் வரும் எஸ் வளைவுகளை இகே9-இல் நன்றாக ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் கை அதிகம் அசையாது, கால்தான் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். அதே சுசுகாவில் 130ஆர் என்கிற மிக வேகமான வளைவு இருக்கிறது. அங்கே தயங்குவதாக இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே தயங்கிவிடுங்கள், உள்ளே போன பிறகு தயக்கம் வேண்டாம். ஸ்பூன் வளைவில் உங்களுக்கு மூக்கு தள்ளும் என்று பந்தயம் கட்டுகிறேன். அதற்கு இரண்டு உள்முனை, முதலாவதைத் தொட்டதும் முடிந்தது என்று மிதித்துவிடுவீர்கள், இரண்டாவதற்கு டயர் மிச்சமிருக்காது. காத்திருங்கள். செபாங்கின் 1-ஆம் 2-ஆம் வளைவும் இதே ரகம், வலது இறுகிக்கொண்டே போய் இடது ஹேர்பினாகும். பொறுமை இல்லாதவர்கள் எல்லோரும் 2-இல் வெளியே போவார்கள்.

வெளியேறும்போது, ஸ்டீரிங்கை நேராக்க நேராக்கத்தான் மிதிக்க வேண்டும். வட்டமாக, அழகாக வளைவைச் சுற்றிவரும் கோடு முன்சக்கர காருக்கு உதவாது. உள்ளே கூர்மையாகத் திருப்பி, சீக்கிரம் நேராக்கி, நேர்கோட்டில் முழுசாக மிதிப்பதுதான் வேகம், பார்க்க அழகில்லாவிட்டாலும். ஹெலிக்கல் எல்எஸ்டி இங்கே உதவிக்கு வரும். உள்சக்கரம் சுழலத் தொடங்கினால் பிடிப்புள்ள வெளிச்சக்கரத்துக்கு அதைப்போல் சில மடங்கு முறுக்குவிசையை அனுப்பும், அது மூக்கை உள்ளே இழுப்பதை ஸ்டீரிங்கில் உணரலாம். ஆனால் அது பெருக்கல் கணக்கு. உள்சக்கரம் கெர்ப் (பாதையோர மேட்டு விளிம்பு) மேல் ஏறிக் காற்றில் நின்றால் பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தான், இன்ஜின் கத்தும், வண்டி போகாது. அதனால் வெளியேறும் பக்கம் உள் கெர்ப்பைக் கட்டிப்பிடிக்காதீர்கள். பின் உள்சக்கரம் தூக்குவது வேறு, நாய் கம்பத்தைப் பார்த்ததுபோல் இகே பின்காலைத் தூக்கும், அது சாதாரணம், பயப்பட வேண்டாம்.

கியர் பற்றி ஒரு வார்த்தை. விடெக் கேம், அதாவது வேகம் ஏறியதும் வால்வுகளை இன்னும் அதிகம் திறக்கிற ஹோண்டா ஏற்பாடு, மாறுவது 6,000 ஆர்பிஎம் பக்கம், உச்ச சக்தி 8,200-இல், அதற்குக் கீழே இந்த இன்ஜின் பாசார் மாலாம் போகிற ஸ்கூட்டர்தான். வளைவிலிருந்து வெளியேறும்போது 6,000-க்குக் கீழே இருந்தால் ஒரு கியர் தவறு. அதே சமயம் வளைவின் நடுவில் இரண்டாவது கியரில் விடெக் ஏறும் தருணம் வந்தால் உள்சக்கரம் சுழன்று மூக்கு தள்ளும். சில ஹேர்பின்களில் மூன்றாவதில் கொஞ்சம் சோம்பலாக வருவது வேகம். எது என்பது வளைவுக்கு வளைவு மாறும், இரண்டையும் ஓட்டி நேரம் பாருங்கள்.

இப்போது செட்டிங். இதை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம், மேலே உள்ளது வராமல் இதைத் தொட்டால் ஒரு கோளாறை மூடி இன்னொன்றைத் திறப்பீர்கள். எல்லா சிம்மிலும் எல்லா முன்சக்கர காருக்கும் தைரியமாகச் சொல்லக்கூடியது ஒன்று: பின்பக்க ஆன்டி ரோல் பாரை முன்னதைவிடக் கடினமாக்குங்கள். வண்டி சாய்வதைத் தடுக்கும் வேலையைப் பின் அச்சு ஏற்றுக்கொண்டால், உள்ளிருந்து வெளியே எடை பாய்வது பெரும்பாலும் பின்னால் நடக்கும், முன் உள்சக்கரம் தரையில் அழுந்தியே இருக்கும். திரும்பவும் செய்யும், இழுக்கவும் செய்யும். பின் ஸ்பிரிங்கும் அதே திசையில். பிரேக் சமநிலையைப் பின்பக்கமாக ஒரு புள்ளி, கூடினால் இரண்டு. எல்எஸ்டி மாற்றும் பாகம் வாங்கியிருந்தால் மூன்று எண் இருக்கும். முடுக்கத்துக்கானதை நடுத்தரமாக, பிரேக்கிங்குக்கானதைக் குறைவாக வையுங்கள், அது அதிகமானால் நுழையும்போது முன் சக்கரங்கள் இரண்டும் பிணைந்துகொண்டு மூக்கை நேராக்கிவிடும்.

இதற்கு மேல் போனால் உறுதியில்லாத பகுதி. பின்னால் டோ அவுட் (சக்கரங்களின் முன்விளிம்பு வெளியே பார்ப்பது) வைப்பது சிலருக்கு உயிர், எனக்கு நேர்கோட்டில் பிரேக் அடிக்கும்போது பின்பக்கம் நெளிவது பிடிக்காததால் பூஜ்யத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். முன் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) எவ்வளவு என்பது டயருக்கு டயர், சிம்முக்குச் சிம் மாறும். இடது காலால் பிரேக் அடிப்பதா என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. மிதித்துக்கொண்டே லேசாகப் பிரேக்கைத் தொட்டு மூக்கைக் குனியவைக்கலாம், சுழலும் உள்சக்கரத்தையும் அடக்கலாம், நான் சிம்மில் செய்கிறேன், நிஜத்தில் என் இடது கால் கிளட்சை மட்டும் தெரிந்த கால். யாரோ இணையத்தில் போட்ட எண்களை அப்படியே ஏற்றினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அவர் எந்த டயரில், எத்தனை சுற்றுக்கு, எந்த வகைப் பெடலில் ஓட்டினார் என்பது அந்த எண்ணில் இருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஐந்து சுற்று ஓட்டுங்கள், பிடிக்கவில்லையென்றால் பழையபடி வையுங்கள்.

நிஜ இகே9 இப்படித்தானா என்று கேட்டீர்கள். குணம் இதேதான்: நுழையும்போது காலுக்குக் கேட்கும், நடுவில் காலை எடுத்தால் பழிவாங்கும், மிதித்தால் மன்னிக்கும். அளவு வேறு. ரோட்டு டயரில், ஓட்டுகிறவருக்குப் பயம் இருக்கும்போது, எல்லாம் இன்னும் முன்னதாகவும் மெதுவாகவும் நடக்கும். சஸ்பென்ஷனில் 25 வருடப் பழைய ரப்பர் புஷ் உள்ள வண்டியில் எப்போது என்ன நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது, பட்டறைக்காரன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன். நம் ஊர் வண்டிதான் வேண்டுமென்றால், 1996-இல் புரோட்டோன் லோட்டஸை வாங்கிய பிறகு வந்த சத்ரியா ஜிடிஐ இருக்கிறது, அந்த சஸ்பென்ஷனும் இதே பள்ளிக்கூடத்தில் படித்தது. எதுவானாலும் இந்தக் காலை எடுத்துப் பார்க்கிற சோதனையை உலு யாம் பக்கமோ, உங்கள் பக்கம் தெலுக் பகாங் பாலிக் புலாவ் சாலையிலோ செய்யாதீர்கள். எதிரே பழ லாரி வரும்.

நண்பர் சொன்ன பின்சக்கர கார் பற்றி: அவர் சொன்னதில் பாதி சரி, மஸ்டா எம்எக்ஸ்-5 எடுத்தால் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் திருப்புவது ஒரு தனி சந்தோஷம். மார்க்கெட்டுக்குத்தான் என்பது மட்டும் சும்மா பேச்சு. ட்சுகுபாவில் ஒரே டயர் போட்டு அவரை எம்எக்ஸ்-5-இல் வரச்சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்து.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. ஜி29-இன் பிரேக் பெடலுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது, கடைசிப் பாதியில் மிகக் கடினமாகிவிடும். டிரெய்ல் பிரேக்கிங்குக்கு வேண்டியது மெல்ல விடுவது, அந்தக் கட்டை இருக்கும்வரை பிரேக் ஒன்று இருக்கும் அல்லது இருக்காது என்பதுபோல் இருக்கும் பலருக்கு. கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய, நானும் கழற்றினேன், ஒரு வாரத்தில் பழகிவிட்டது. உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் கொஞ்சம் யோசியுங்கள். கழற்றினால் அந்த ரப்பரைத் தொலைத்துவிடாதீர்கள். நான் தொலைத்துவிட்டேன், ஸ்டீரிங்கை விற்கும்போது வாங்க வந்தவர் முதலில் கேட்டதே அதைத்தான்.